பன்னிரண்டு பேரை விட்டுக்கொடுக்காத கிளப்

வாஸ்கோ ட காமா என்றால் நமக்குத் தெரிந்தது 1498-ல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்திறங்கிய கப்பல்காரன். பள்ளிக்கூடப் புத்தகங்கள் அவனைக் கடல்வழி கண்ட வீரன் என்கின்றன. 1502-ல் மறுபடி வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்ரீகர்களின் கப்பலைக் கொளுத்தியவன் என்பதை அவை சொல்வதில்லை. வரலாறு சில சமயம் விசித்திரமாக நடந்துகொள்கிறது. இந்த ஆக்கிரமிப்பாளனின் பேரை வைத்துக்கொண்ட ஒரு கிளப்தான் பிரேசிலில், அடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைநிமிர்ந்து பந்தாட இடம் கொடுத்தது. அவர்களை வெளியே அனுப்பினால்தான் உள்ளே விடுவோம் என்று பணக்காரர்கள் சொன்னபோது, அனுப்ப மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. அந்தக் கதை நமக்கு வேண்டிய கதை.

ரியோ டி ஜெனிரோவில் 1898 ஆகஸ்ட் 21-ல் இந்தக் கிளப் தொடங்கப்பட்டது. காமாவின் பயணத்துக்கு நானூறாவது ஆண்டு என்பதால் அந்தப் பேர். தொடங்கியவர்கள் பெரும்பாலும் போர்ச்சுகலிலிருந்து பிழைக்க வந்தவர்கள்: கடைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள். ஊரின் மேட்டுக்குடிக்கு இவர்களைக் கண்டால் இளக்காரம். முதலில் அது படகுப் போட்டிக் கிளப். 1904-ல் கான்டிடோ ஜோசே டி அராவ்ஜோ என்ற கலப்பினத்தவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அடிமைமுறை ஒழிந்து பதினாறே வருஷம் ஆகியிருந்தது.

அடிமைமுறை ஒழிந்த கதையையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கண்டத்தில் கடைசியாக அதை ஒழித்த நாடு பிரேசில். 1888 மே 13-ல் சட்டம் வந்தது. விடுதலை என்று சொன்னார்கள், அவ்வளவுதான். நிலம் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை, கூலிக்கு உத்தரவாதம் இல்லை. 1891 அரசியல் சட்டம் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு இல்லை என்றது. படிப்பைக் கொடுக்காமல் வைத்திருந்தவனே, படிக்காதவனுக்கு உரிமை இல்லை என்கிறான். இந்தத் தந்திரம் நமக்குப் புதுசா? அந்த ஓட்டுரிமை திரும்பி வர 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கால்பந்து வந்தது இங்கிலாந்திலிருந்து. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகத்தான் வந்தது. ரியோவின் புறநகரில் பாங்கூ என்ற இடத்தில் நெசவாலைக்காரர்கள் 1904-ல் ஒரு கிளப் தொடங்கினார்கள். ஆள் போதாததால் ஆலைத் தொழிலாளிகளும் ஆடினார்கள். அவர்களில் கறுப்பரும் இருந்தார்கள். 1907-ல் நகரத்து லீக், நிறமுள்ளவர்களை வீரர்களாகப் பதிய முடியாது என்று அறிவித்தது. பாங்கூ லீக்கை விட்டே விலகியது. அன்றைக்கு விலக்கு பச்சையாக, காகிதத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பிறகு மேட்டுக்குடி கெட்டிக்காரத்தனம் கற்றுக்கொண்டது. நிறம் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு சொற்களைப் போட்டது.

அந்தச் சொற்களில் முக்கியமானது 'அமெச்சூர்'. ஆட்டத்துக்குக் காசு வாங்கக்கூடாது, ஆட்டத்தின் மேல் உள்ள காதலுக்காக மட்டும் ஆட வேண்டும் என்பது அதன் பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மத்தியானம் மைதானத்துக்குப் போனால் ராத்திரி அடுப்பு எரியாத வீட்டுக்காரன் காசு வாங்காமல் எப்படி ஆடுவான்? அமெச்சூர் என்பது அப்பன் வீட்டுச் சொத்து இருப்பவன் மட்டும் ஆடலாம் என்பதற்கு வைத்த பேர்.

அந்த நகரத்தில் லிமா பார்ரெத்தோ என்ற எழுத்தாளர் இருந்தார். அடிமைகளின் வழிவந்தவர். சட்டம் வந்த அந்த மே 13 அவருக்கு ஏழாவது பிறந்தநாள். கால்பந்து நாட்டை நிறவாரியாகப் பிரிக்கிறது என்று அவர் சாகும்வரை, 1922 வரை, எழுதிக்கொண்டிருந்தார். தேசிய அணியில் கறுப்பர்களைச் சேர்க்காததை 1921-ல் கிண்டலும் கோபமுமாய்ச் சாடினார். அவர் இறந்த மறுவருஷம்தான் அது நடந்தது.

வாஸ்கோ 1915-ல் கால்பந்துக்கு வந்து, அடிமட்டப் பிரிவிலிருந்து ஆட ஆரம்பித்தது. அந்தக் கீழ்ப் பிரிவுகளில்தான் புறநகர் வீரர்கள் இருந்தார்கள். கடைக்காரர்களுக்கு ஆட்டக்காரனின் கால்தான் கண்ணில் பட்டது, தோல் அல்ல. கோல்காப்பாளர் நெல்சன் ட கான்சீசாவ் வாடகைக் கார் ஓட்டியவர். சுவருக்கு வண்ணம் அடித்தவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், லாரி ஓட்டியவர் எல்லாம் அந்த அணியில் ஒன்றாக நின்றார்கள். போர்ச்சுக்கீசியர் கடைகளில் வேலை செய்வதாகக் கணக்கில் எழுதி, ஆட்டம் பழக நேரம் கொடுத்தார்கள். ஜெயித்தால் கையில் ஏதாவது கொடுத்தார்கள். நேராகச் சம்பளம் என்று சொல்ல முடியாது, அமெச்சூர் சட்டம் இருக்கிறதே! அதனால் அந்தக் காசுக்கு மிருகங்களின் பேரை வைத்தார்கள்: இன்ன ஆட்டத்துக்கு ஒரு நாய், இன்ன ஆட்டத்துக்கு ஒரு பசு. வெற்றிப் பரிசுக்கு 'பிஷூ', அதாவது மிருகம் என்ற சொல் பிரேசில் கால்பந்தில் நின்றுவிட்டது. உருகுவே நாட்டுப் பயிற்சியாளர் ரமோன் பிளாத்தேரோ அவர்களை ஓட ஓட விரட்டிப் பழக்கினார். கனவான்கள் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும்போது வாஸ்கோக்காரர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

1922-ல் கீழ்ப் பிரிவில் ஜெயித்து மேலே வந்தார்கள். 1923-ல் முதல் பிரிவில் ஆடிய முதல் வருஷமே சாம்பியன். ஃப்ளமெங்கோ, ஃப்ளுமினென்ஸே, பொத்தஃபோகோ, எல்லாரும் பின்னால். வருஷம் முழுவதிலும் ஒரே ஒரு தோல்வி.

இதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1924-ல் பெரிய கிளப்புகள் பழைய லீக்கை விட்டு வெளியேறி 'ஆமெயா' என்ற புதிய சங்கத்தை ஆரம்பித்தன. தலைவர் அர்னால்டோ கின்லே. சான்டோஸ் துறைமுகத்தையே கையில் வைத்திருந்த குடும்பத்துக்காரர். சேர விரும்பிய வாஸ்கோவிடம் பன்னிரண்டு வீரர்களை நீக்கச் சொன்னார்கள். அவர்கள் கறுப்பர்கள் என்று எங்கேயும் எழுதவில்லை. தொழில் கௌரவமானதில்லை, சமூக நிலை சரியில்லை, கிளப்புக்கு ஒழுங்கான மைதானம் இல்லை என்றார்கள். வேலைசெய்யும் இடத்துக்கே ஆளனுப்பித் துப்புத் துலக்கினார்கள். ஆட வருகிறவன் தன் கையாலேயே படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் எழுத்தறியாதவர்களாக இருந்த காலம் அது. பந்து உதைக்க எதுக்கய்யா கையெழுத்து? வாஸ்கோ தன் வீரர்களுக்கு வாத்தியார் வைத்து எழுதக் கற்றுக்கொடுத்தது. எழுதச் சிரமமான பேரைச் சுருக்கி, எளிதான பேராக மாற்றிக்கொண்டவரும் உண்டு. மாரியோ ஃபில்யோ 1947-ல் எழுதிய 'பிரேசில் கால்பந்தில் கறுப்பர்' என்ற நூல் இதையெல்லாம் சொல்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே ஆமெயாவில் பாங்கூவைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேயும் தொழிலாளிகள் இருந்தார்கள், கறுப்பர் இருந்தார்கள். ஆனால் பாங்கூ சாம்பியன் ஆகவில்லை. ஓரமாய் நின்று ஆடித் தோற்கிறவனால் யாருக்கும் உபத்திரவம் இல்லை. ஜெயிக்கிறபோதுதான் 'தகுதி' என்ற கேள்வியே வருகிறது.

1924 ஏப்ரல் 7-ல் வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ், கின்லேக்கு ஒரு கடிதம் எழுதினார். சின்னக் கடிதம்தான். இந்தப் பன்னிரண்டு பேரும் இளைஞர்கள், வாழ்க்கையைத் தொடங்குகிறவர்கள். கிளப்புக்குப் பெருமை தேடித் தந்தவர்களைப் பலிகொடுப்பது மானமுள்ள காரியம் இல்லை. ஆகவே உங்கள் சங்கத்தில் சேரும் எண்ணத்தைக் கைவிடுகிறோம் என்பது அதன் சாரம். கெஞ்சவில்லை, பேரம் பேசவில்லை. வாஸ்கோ ஆதரவாளர்கள் அதை 'வரலாற்றுப் பதில்' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த வருஷம் வாஸ்கோ பழைய லீக்கிலேயே ஆடி, தோல்வியே இல்லாமல் ஜெயித்தது. வாஸ்கோ இல்லாத லீக்குக்கு மவுசு குறைந்தது. 1925-ல் சம உரிமையோடு, ஒரு ஆளையும் விடாமல் உள்ளே போனது.

அதே 1923-ல் நம் பக்கம் என்ன நடந்தது? பம்பாயில் இந்துக்களின் கிரிக்கெட் அணிக்குப் பல்வங்கர் விட்டல் கேப்டன் ஆனார். சமார் சாதியில் பிறந்தவர். அவருடைய அண்ணன் பாலூ, 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தியவர். அவருக்குப் பூனாவில் தேநீர் வேளையில் தனிக் குவளை, வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும். அவரைக் கடைசிவரை கேப்டன் ஆக்கவில்லை. 1920-ல் சகோதரர்கள் ஆட மறுத்து வெளியேறிச் சண்டை போட்ட பிறகுதான் தம்பிக்கு அந்த இடம் வந்தது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? பாலூவுக்காக அவர் உடன்பிறந்தவர்கள் நின்றார்கள். ரியோவில் ஒரு கிளப் முழுசும் நின்றது.

மைதானம் இல்லை என்றார்களே, அதற்கும் பதில் சொன்னார்கள். ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கில் காசு போட்டார்கள். பதினோரு மாதத்துக்குள் கட்டி, 1927 ஏப்ரல் 21-ல் சாவ் ஜனுவாரியோ மைதானத்தைத் திறந்தார்கள். 1930-ல் மான்டிவிடியோவில் பெரியது வரும்வரை தென் அமெரிக்காவிலேயே அதுதான் பெரிய மைதானம். 1940 மே 1-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை வர்காஸ் அறிவித்ததும் அங்கேதான்.

அதற்காக வாஸ்கோவைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. கறுப்பர்கள் ஆடினார்கள், பணமும் நிர்வாகமும் பெரும்பாலும் போர்ச்சுக்கீசிய வியாபாரிகள் கையில்தான் இருந்தன. கிளப்புக்கு வெளியே நாடும் மாறிவிடவில்லை. வாஸ்கோவின் கோல்காப்பாளர் பார்போசா 1950 உலகக் கோப்பையில் உருகுவேயிடம் ஒரு கோல் விட்டார். 2000-ல் சாகும்வரை ஐம்பது வருஷம் அந்தப் பழியைச் சுமந்தார். அன்று பழி விழுந்த மூன்று பேரும் கறுப்பர்கள்.

2023-ல் ஒரு கலவரத்துக்குப் பிறகு நீதிமன்றம் சாவ் ஜனுவாரியோவில் ரசிகர்கள் நுழையத் தடை விதித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, பக்கத்திலேயே பர்ரேய்ரா டோ வாஸ்கோ என்ற சேரி இருக்கிறது, ஆபத்தான இடம் என்பது. ஆட்ட நாளில் தின்பண்டமும் பீரும் விற்றுப் பிழைக்கிற அந்தச் சேரி ஜனங்களின் வயிற்றில் அடி. எதிர்ப்பு கிளம்பியது, செப்டம்பரில் கதவு திறந்தது. நூறு வருஷம் முன்னால் தொழில் சரியில்லை என்றான், கையெழுத்துச் சரியில்லை என்றான். இப்போது இடம் சரியில்லை என்கிறான். நிறம் என்ற சொல் மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

நம்மிடமும் அப்படித்தான். சாதி பார்க்கிறோம் என்று எவனும் சொல்வதில்லை. தகுதி என்பான், தரம் என்பான், சூழல் என்பான். நமக்கும் அவ்வப்போது ஒரு பேரம் வரும்: நீ மட்டும் வா, உன் கூட இருக்கிறவனை விட்டுவிட்டு வா. அப்போது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: பன்னிரண்டு பேரை விட்டுக்கொடுக்காமல் வெளியே நின்றவர்கள், மறுவருஷம் முழு அணியாக உள்ளே போனார்கள்.