இரவுத் தங்கலும் காலைச் சிற்றுண்டியும்

புதிதாக மணம் புரிந்தோர் ஓரிரு நாள் இல்லத்தை விட்டு அகன்று, யாரோ ஒருவருடைய வீட்டின் மாடி அறையிலோ தோட்ட மனையிலோ தங்கி, பொழுது விடிந்ததும் அவ்வீட்டார் தம் கையாற் சமைத்து அளிக்கும் சிற்றுண்டியை ஆர அமர உண்டு திரும்புதல் இந்நாளில் எங்கணும் பெருகிவரும் வழக்கமாகும். ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ என்றும் ‘ஹோம் ஸ்டே’ என்றும் இதனைக் கூறுவர். நம் டாலிகஞ்ச்த் தமிழ்க் குடும்பத்து இளைஞர்களும் இதற்கு விலக்கல்லர். பெரியவர்களோ, “இது வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற பழக்கம், பணம் கொடுத்து அயலார் வீட்டில் உண்பது நமக்கு அடுக்குமா?” என்று கேட்கின்றனர். இக்கேள்வியில் இரண்டு கூறுகள் உள்ளன. வழக்கம் யாருடையது என்பது ஒன்று. பணம் பெறுவது தகுமா என்பது மற்றொன்று. இரண்டிற்கும் வரலாறு விடை தருகின்றது.

பெயர் ஆங்கிலேயருடையது என்பதில் ஐயமில்லை. இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களாகிய பிளாக்பூல் முதலியவற்றில், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தம் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுக் காலை உணவும் அளித்துவந்த இல்லத்தரசிகள் பலர் இருந்தனர். 1938இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்குச் சட்டம் இயற்றப்பட்டபின் இத்தொழில் மேலும் தழைத்தது. காலை உணவு முடிந்ததும் விருந்தினரை வெளியே அனுப்பிவிட்டு, மாலைவரையில் கதவு திறவாத கண்டிப்பான அம்மையாரைப் பற்றி அந்நாட்டார் இன்றும் நகைத்துப் பேசுவர். அவர் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறைகளைப் பெருக்கவும் படுக்கைகளை மாற்றவும் அவருக்கு வேறு பொழுது ஏது?

ஆனால் பெயர் வேறு, பொருள் வேறு. ஊர்விட்டு ஊர் வந்த காதலர் இருவர், அயலார் மனையில் தங்கி, அம்மனையில் ஆக்கிய உணவை உண்ட வரலாறு நம் சிலப்பதிகாரத்திலேயே உளது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தபோது கவுந்தியடிகள் அவர்களை ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி தனியே ஒரு சிறு மனையை ஒழித்துக் கொடுக்கிறாள்; தன் மகள் ஐயையைத் துணையாக விடுக்கிறாள். வந்தவர்கள் சமணச் சாவக நோன்பினர், பகற்பொழுதிலேயே உண்ணுபவர்கள் என்பதை அறிந்து, புதிய கலங்களையும் அரிசியையும் காய்கனிகளையும் பாற்பயனையும் காலந் தாழ்த்தாது தருவிக்கிறாள். வந்த விருந்தினரின் உணவு நெறி யாது என்று முன்னரே அறிந்து நடப்பதைக் காட்டிலும் விருந்தோம்பலின் நுட்பம் வேறு என்ன இருத்தல் கூடும்? கண்ணகி தானே காய்களை அரிந்து சமைத்து, கணவனைத் தவிசில் இருத்தி, அடி விளக்கி, நிலத்தில் நீர் தெளித்து, வாழைக் குருத்தை விரித்துப் படைக்கிறாள். உண்டபின் வெற்றிலை பாக்கும் அளிக்கிறாள். அதன்பின் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டதும், மீளாததும் நாம் அறிந்தவை. காப்பியம் முழுவதிலும் அவ்விருவரும் அச்சமின்றிக் கூடியிருந்த பொழுதுகள் மிகச் சிலவே; அவற்றுள் ஒன்று மாதரியின் வீட்டில் வாய்த்தது. மாதரி ஒரு காசும் பெற்றிலள். பின்னர் நேர்ந்தது அறிந்து அவள் தீப்புகுந்து உயிர் நீத்தாள் என்று இளங்கோவடிகள் உரைப்பது, அடைக்கலப் பொருளின் பொறுப்பை அவள் எத்துணைப் பெரிதாகக் கொண்டிருந்தாள் என்பதைக் காட்டும்.

பிற்காலத்தில் இப்பொறுப்பை அரசர்களும் வணிகர்களும் சத்திரங்களாக நிறுவினர். அவற்றுள் ஒன்றைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். அது காதலின் பெயரால் எழுந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்பிற்குரிய முத்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் 1802இல் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேர்போல அமைந்த அக்கட்டடத்தின் அடித்தளத்தை இன்றும் காணலாம். தம் நாட்டுச் சத்திரங்களைக் கும்பினியார் கைப்பற்றலாகாது என்று அவர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டிற்கு எழுதிய கடிதம் படிக்கத் தக்கது. இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர் யாவருக்கும் குல வேறுபாடின்றிச் சோறு உண்டு; சமைத்ததை உண்ணாதார்க்கு அரிசியும் பிறவும் உண்டு; நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதார் உளரோ என்று கூவி அழைப்பதும் உண்டு. குழந்தைகளுக்குப் பாலும், கருவுற்ற பெண்டிர்க்குப் பேறுகாலம் கடந்தும் உறையுளும், நோயுற்றார்க்கு மருத்துவமும் அங்கு அளிக்கப்பட்டன என்று அவர் விரித்துரைக்கிறார். உலகின் பிறிதோர் இடத்தில் ஓர் அரசன் தன் காதலிக்குப் பளிங்கில் கல்லறை எழுப்பினான். தஞ்சை மன்னரோ சமையற்கட்டு எழுப்பினார். இரண்டில் எது உயர்ந்தது என்பதில் அடியேனுக்குத் தெளிவான கருத்து உண்டு. பசித்து வந்தவர்களுக்கும் அவ்வாறே இருந்திருக்கும்.

நிற்க. இனி நம் டாலிகஞ்சிற்கு வருவோம். வில்லியம் டாலி என்னும் படைத்துறை அதிகாரி, தூர்ந்து கிடந்த ஆதி கங்கையை 1775 முதல் 1777 வரையில் தம் செலவில் வெட்டிப் படகு விட்டுச் சுங்கம் பெற்றார். கால்வாய் ‘டாலி நாலா’ ஆயிற்று. கரையில் எழுந்த சந்தை ‘டாலிகஞ்ச்’ ஆயிற்று. படகுக்காரர்களும் வணிகர்களும் இராத் தங்கும் இடமாகவே நம் ஊர் பெயர் பெற்றது என்றால் மிகையன்று. இவ்வூருக்கு முதன்முதல் நம் நாட்டிலிருந்து கூட்டமாக வந்து தங்கியோரோ விருந்தினர் அல்லர், கைதிகள். வேலூர்க் கோட்டையில் திப்பு சுல்தானின் மகள் ஒருத்தியின் திருமணத்தை ஒட்டி, 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதன் விளைவாகத் திப்புவின் மக்கள் குடும்பத்தோடு கல்கத்தாவிற்கு அனுப்பப்பெற்று இப்பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். இளவரசர் குலாம் முகம்மது கட்டிய பள்ளிவாசல் இன்றும் இங்கு நிற்கின்றது. அவுரி பயிரிட்ட ஜான்சன் குடும்பத்தார் வாழ்ந்து, பின்னர் அம்மைசூர்க் குடும்பத்தின் வசமான தோட்ட மனையில்தான் 1895இல் டாலிகஞ்ச் கிளப் தோன்றிற்று. மரநிழலில் அமர்ந்து காலை உணவு கொள்ளும் அதன் உறுப்பினருள் எத்தனை பேர் வேலூரை நினைப்பர் என்பது கேள்விக்குறியே.

கல்கத்தாவில் உணவும் உறையுளும் விலைப்பொருளானது ஆங்கிலேயர் காலத்தில். ரொட்டிக் கடை நடத்திவந்த டேவிட் வில்சன் 1840களின் தொடக்கத்தில் நிறுவிய விடுதியே பின்னர் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலாகப் புகழ் பெற்றது. ஆயினும் நாம் பேசும் பொருளுக்கு நெருங்கியது அப்பெரிய மாளிகையன்று. சதர் தெருவில் உள்ள ஃபேர்லான் என்னும் வீடே. 1783இல் கட்டிய அவ்வீட்டை 1936இல் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தினர் ஏற்று விடுதியாக நடத்தினர். அக்குடும்பத்து மகளாகிய வயலட் ஸ்மித் அம்மையார், தம் கணவருடன் 1960களில் பொறுப்பேற்று, 2014இல் தமது தொண்ணூற்று மூன்றாம் அகவையில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்து, விருந்தினரைத் தாமே கண்டு பேசி உபசரித்து வந்தார். அறை வாடகையிலேயே உணவும் அடங்கும். உணவு வேளைக்குச் சேகண்டி ஒலிக்கும். 1956இல் கல்கத்தாவில் நாடகம் நடிக்க வந்தபோது சந்தித்துக் காதல் கொண்டு, 1958இல் மணந்த சசி கபூர், ஜெனிஃபர் கெண்டல் தம்பதியர் தம் தேனிலவை இங்கே கழித்தனர் என்று விடுதியார் பெருமையுடன் கூறுவர். அம்மையார் மறைந்த சில ஆண்டுகளில் வீடு கைமாறிற்று. இன்று எல்ஜின் நிறுவனத்தின் விடுதியாகச் செவ்வனே நடைபெறுகின்றது. எனினும் வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்து நடத்துவது வேறு, நிறுவனம் நடத்துவது வேறு.

தமிழ்க் கலைஞர்களும் இந்நகரில் வாரக்கணக்கில் தங்கிய காலம் ஒன்று உண்டு. சென்னையில் போதிய படப்பிடிப்பு நிலையங்கள் இல்லாத 1930களில் தமிழ்ப் பேசும் படங்கள் பல கல்கத்தாவில் உருவாயின. கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், பயனீர் நிறுவனத்தாருடன் கூட்டுச் சேர்ந்து 1933இல் ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். 1937இல் வெளிவந்த ‘சிந்தாமணி’யும், எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’யும் நம் டாலிகஞ்சின் ஈஸ்ட் இந்தியா ஃபிலிம் கம்பெனி நிலையத்தில் படமாக்கப்பட்டவை. அம்பிகாபதியும் அமராவதியும் கொண்ட காதலைத் தமிழுலகம் கண்டு கண்ணீர் உகுத்தது. அது படமானது நம் ஊர்ப் பனியிலும் கொசுக்கடியிலும் என்பதை எண்ணுந்தோறும் ஒரு சிறு பெருமிதம் எழவே செய்கிறது.

சரி, நம்மவர் தாமே தேனிலவு கொண்டாடியது உண்டா? அச்சொல்லே நமக்குப் புதிது. ஸ்ரீதர் இயக்கிக் காஷ்மீரத்தில் எடுத்த ‘தேன் நிலவு’ 1961இல் வந்தபின்னரே பட்டிதொட்டிகளிலும் அது பழகிற்று. ஆனால் சொல் இல்லையேயன்றிச் செயல் இருந்தது. மறுவீடு, உறவினர் இல்லந்தோறும் விருந்து, தலைதீபாவளி ஆகிய இவை யாவை? புதுமணத் தம்பதியர் தம் வீட்டை விட்டுப் பிறிதொரு வீட்டில் தங்கி, எண்ணெய் நீராடி, அவ்வீட்டுப் பெண்டிர் விடியுமுன் எழுந்து ஆக்கிய இட்டலியும் வடையும் இனிப்பும் லேகியமும் உண்பதற்குச் சமூகம் வகுத்துத் தந்த ஏற்பாடுகளே. மாமனாருக்குச் செலவு, மாப்பிள்ளைக்கு மகிழ்ச்சி. வங்காளியர் ஜ்யேஷ்ட மாதத்தில் கொண்டாடும் ஜமாய் சஷ்டியும் இதன் உடன்பிறப்பே. லூச்சியும் கடலைப் பருப்பும் மோகன்போகமும் மாமியார் கையால் வருமேயன்றி வேறுபாடு சிறிதும் இல்லை.

புலம்பெயர்ந்து இந்நகருக்கு வந்த நம் முன்னோர் இழந்தவற்றுள் இதுவும் ஒன்று. பலரும் இதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அலுவலகத்தில் விடுப்புக் கிடையாது. சென்னை சென்று மீளவே நாட்கள் பல ஆகும். ஈரறை வீட்டில் பெற்றோரும் தம்பி தங்கையரும் நிறைந்திருக்க, புது மணமக்கள் தனித்துப் பேச ஏரிக்கரைப் பெஞ்சைத் தவிர வேறு இடம் இல்லை. 1920களில் அந்த ஏரியை வெட்டிய நகர அபிவிருத்தி டிரஸ்டார், தாம் தமிழ்த் தம்பதியர்க்கு இத்துணைப் பெரிய உபகாரம் செய்வதாக எண்ணியிருக்க மாட்டார்கள். மணமாகாத இளைஞர்க்கு லேக் மார்க்கெட் வட்டாரத்து மெஸ்ஸுகளும் ராஷ்பிகாரி அவென்யூவில் கோமளவிலாஸ் போன்ற உணவு விடுதிகளும் தாய்வீடாயின. மணமானவர்க்கு அக்கம்பக்கத்து மாமிமார் உறவினர் ஆயினர். ஊருக்குப் போக இயலாத மணமக்களைத் தம் வீட்டிற்கு அழைத்துத் தலைதீபாவளி நடத்திய குடும்பங்கள் பல. அவ்வம்மையார்களின் பெயர்கள் எந்த மலரிலும் அச்சேறவில்லை.

அவர்கள் பட்ட பாட்டை மாவைக் கொண்டே அளக்கலாம். வங்கத்தில் புழுங்கலரிசிக்குப் பஞ்சமில்லை, உளுந்தும் கிடைக்கும். ஆனால் மார்கழி, தை மாதங்களில் மாவு புளித்துப் பொங்காது. கம்பளியால் போர்த்தியும், அணைந்த அடுப்பின் கதகதப்பில் வைத்தும், இரவில் இருமுறை எழுந்து பார்த்தும் ஆக்கிய இட்டலி அது. உண்டவர்க்கு இன்பம் என்பதெல்லாம் ஆக்கியவர்க்கு விழிப்பு.

இனி, பணம் பெறலாமா என்னும் வினா. சோற்றை விற்பதை ‘அன்னவிக்கிரயம்’ என்று இழித்துரைத்தனர் பழையோர். ஆனால் சத்திரத்திற்கு மன்னர் மானியம் இருந்தது. மாமனார் செலவிற்கு உறவுமுறைக் கடன் இருந்தது. இரண்டும் இல்லாத இடத்தில் செலவை யார் ஏற்பது? விலை வாங்காததனால் மட்டும் விருந்தோம்பல் சிறந்துவிடுவதில்லை. பெண்டிரின் உழைப்புக்கு விலையே இல்லை என்று கருதியதனாலும் அது எளிதாக நடந்தது. ஆகவே, வீட்டுக்காரர் உடனிருந்து தம் கையால் படைப்பாராயின், பணம் பெறுதல் இழிவன்று என்பது அடியேன் துணிபு. அரசும் ஏறத்தாழ இதையே விதித்திருக்கின்றது. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி, ஒரு வீட்டில் ஓர் அறை முதல் ஆறு அறை வரையே, பன்னிரண்டு படுக்கைகளுக்கு மிகாமல் விருந்தினர்க்கு அளிக்கலாம். உரிமையாளர் தம் குடும்பத்தோடு அவ்வீட்டிலேயே வாழ்தல் வேண்டும். மேற்கு வங்க அரசும் 2017இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது.

நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று முதியோர் இருவர் மட்டுமே வாழ்கின்றனர். மக்கள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் உள்ளனர். மூன்று அறைகளில் இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. அடுக்கு மாளிகை கட்டுவோர் வாரந்தோறும் வந்து விலை கேட்கின்றனர். ஓர் அறையைத் திறந்து, துப்புரவு செய்து, ஊரிலிருந்து வரும் இளந் தம்பதியர்க்கு அளிக்க முன்வருவோர் சிலரேனும் நம் சங்கத்தில் உளர் எனக் கேள்வியுறுகிறேன். அத்தகையோர் தம் பெயரைச் செயலாளரிடம் பதிந்துகொள்ளலாம். மார்கழியில் வரவிரும்பும் விருந்தினர் மட்டும் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவித்தல் நலம், மாவு பொங்கவேண்டுமல்லவா?