நிலாவுக்காகக் காத்திருந்த படை

ரகசிய வேலைக்கு இருட்டுதான் வசதின்னு நினைத்திருந்தேன். பிரிட்டிஷ் விமானப்படையின் 161-வது ஸ்குவாட்ரனுக்குத் தேவைப்பட்டது நிலா.

1942 பிப்ரவரியில் உருவான படை. ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்ஸுக்குள் உளவாளிகளை இறக்குவதும், அங்கிருப்பவர்களை ஏற்றிவருவதும் அதன் முக்கிய வேலைகள். அதற்கு லைசாண்டர் என்ற ஒற்றை எஞ்சின் விமானம். துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு, வயிற்றில் கூடுதல் பெட்ரோல் டேங்க், பக்கவாட்டில் ஏணி. விமானி தனியாள். மடியில் மேப், கீழே நிலவில் மினுங்கும் ஆறுகள்தான் வழிகாட்டி. வயலில் நிற்பவர் டார்ச்சில் சொல்லிவைத்த மோர்ஸ் எழுத்தைக் காட்டுவார். மூன்று டார்ச் வெளிச்சம்தான் ரன்வே. ஆள் மாற்றிச் சில நிமிடங்களில் கிளம்பிவிட வேண்டும்.

மென்பொருள் எழுதுகிறவனாக இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பாஸ்வேர்டு சரியென்றால் ஆளும் சரியா?

1943 ஜூன் 16 இரவு, திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த வயர்லெஸ் ஆபரேட்டர் நூர் இனாயத் கான் லைசாண்டரில் போய் இறங்கினார். அந்த வரவேற்பை ஏற்பாடு செய்த ஆன்றி தெரிகூர், ஜெர்மன் உளவுத்துறையோடும் தொடர்பில் இருந்தவர் என்பது பிறகுதான் வெளியே வந்தது. நூரைக் காட்டிக்கொடுத்தது வேறொருவர் என்கிறார்கள். அக்டோபரில் பிடிபட்டார்; 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் கொல்லப்பட்டார். வயது 30.

அன்றைய இரவு, படையின் கணக்கில் வெற்றிதான். விமானி செய்ததில் ஒரு பிழையும் இல்லை. பத்திரமாகத்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.