மன்னார்க் கடலிற் பாய்மரத்தின் சாய்வு

மன்னார்க் கடலின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் முத்தையே எழுதினர். முத்துக் குளிப்போரைச் சுமந்து சென்ற கலங்களின் மரத்தையும் கயிற்றையும் எழுதினோர் மிகச் சிலர். 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டமை அரசாங்கக் கணக்கிலுண்டு. அச்சிப்பிகளை ஏற்றிவந்த தோணிகளின் பாய்மரம் முன்சாய்ந்து நின்றதா, பின்சாய்ந்து நின்றதா என்பது எந்தக் கணக்கனுக்கும் வேண்டியிராத செய்தி. ஆயினும் அச்சாய்வே கலத்தைக் கரை சேர்த்தது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மன்னார்த் தீவு இரு கடல்களுக்கு இடையிற் கிடப்பது. வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. மேற்கே தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் செல்லும் இராமர் அணையின் மணற்றிட்டுக்கள். இந்த ஆழமற்ற கடலைப் பற்றி உரோமாசிரியர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டுள்ளார். ஒடுங்கிய கால்வாய்களிற் கலத்தைத் திருப்புதல் அரிதாதலின், ஈழத்தவர் கலங்களுக்கு இரு புறமும் முகப்பு அமைந்திருந்தது என்பது அவர் கூற்று. நீர்கொழும்புப் பக்கத்து ஒரு பக்க மிதவையுடைய ஓடங்கள் பிற்காலத்திலும் அவ்வாறே இரு முனையாலும் ஓடியவை; மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே நிற்கும். திருப்பப்படுவது பாயேயன்றிக் கலம் அன்று.

பாய்மரம் கலத்தோடு பிரிவின்றிப் பொருந்திய உறுப்பு என நாம் எண்ணுதல் பிழை. உறையூர் முதுகண்ணன் சாத்தனாரின் புறநானூற்றுப் பாடலொன்று (30), கூம்பையும் மேற்பாயையும் களையாமலே பெருங்கலமொன்று புகார்த்துறையுட் புகுந்ததை வியந்து கூறும். களையாமற் புகுதல் வியப்பெனின், களைந்து புகுதலே வழக்கென்பது பெறப்படும். மரம் எடுக்கத் தக்கது, நிறுத்தத் தக்கது, ஆதலாற் சாய்க்கவும் தக்கது.

நிற்க. சாய்வினால் விளைவது யாது? பாய் காற்றை வாங்கும் மையம் ஒன்று. நீருள் அமிழ்ந்த உடல் எதிர்த்து நிற்கும் மையம் மற்றொன்று. மரம் பின்சாய்ந்தால் முதலாவது மையம் பின்செல்ல, கலத்தின் அணியம் காற்றை நோக்கித் திரும்ப முற்படும். முன்சாய்ந்தால் அணியம் காற்றை விட்டு விலகும். இரண்டும் மிகின், சுக்கான் பிடிப்போன் நாள் முழுதும் கலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

முத்துச் சலாபத்திற்கு இத்தொல்லை அதிகம் இருந்ததில்லை என்றே கருதுகிறேன். 1803இல் நூல் வெளியிட்ட றொபர்ட் பெர்சிவல் கூறுமாற்றால், தோணிகள் இரவு பத்து மணியளவிற் பீரங்கி ஒலி கேட்டுக் கரைக்காற்றிலே புறப்பட்டன. விடியுமுன் பார்களை அடைந்து, நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் திரும்பின. போகும்போதும் வரும்போதும் காற்று முதுகுப்புறமே. சோழகம் முற்றாக எழுமுன், பங்குனி சித்திரையிற் சலாபம் கூடியதன் பயன்களுள் இதுவும் ஒன்று. சோழகக் காற்றில் மீன் தேடிச் சென்றவனுக்கோ அவ்வசதி இல்லை. காற்றுக்கு எதிரே குறுக்கும் மறுக்குமாக ஓடியே அவன் வீடு திரும்பவேண்டும். பாய்மரக் கலை வளர்ந்தது இவனிடத்திலாதல் வேண்டும்.

அவன் ஏறிய கட்டுமரத்தை நோக்குக. மரங்கள் கயிற்றாற் கட்டப்பட்டவை. கரையேறியதும் கட்டவிழ்த்து உலர வைக்கப்படுபவை. அலையில் அவை ஒன்றோடொன்று சற்றே அசையும். இத்தகைய உடலில் பாய்மரத்தைப் பக்கக் கயிறுகளால் முறுக்கி இறுக்கினால், கயிறு பற்றிய ஓரமரம் தன் கட்டினின்றும் பிடுங்கப்படும். எனவே இறுக்கம் கயிற்றில் நிலையாக இருத்தற்கியலாது; மாலுமியின் கையில் இருத்தல் வேண்டும். பருமலில் முக்கோணப் பாய் கட்டிய கலங்களில், பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றையே காற்றுவரும் பக்கம் பின்னோக்கி இழுத்துக் கட்டி, மரத்திற்கு ஊன்றுகயிறாக்குதல் பொதுவழக்கு. கலம் திசை மாறுந்தோறும் கட்டும் மாறும். தென்னந்தும்புக் கயிறு சற்று நீண்டு கொடுக்கும். திடீர்க் காற்றில் அந்நெகிழ்ச்சியே மரத்தை முறியாமற் காக்கும். கனத்த பருமல் மரத்தில் உராயாமற் தொங்குமாறு அக்கலங்களில் மரம் முன்சாய்த்தே நாட்டப்பெறும். அதனாற் குலையும் சமநிலையைப் பக்கத்தில் நீருள் இறக்கும் பலகையை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்வர்.

இக்கலத்தின் பெயர் அயலார் நாவிற் புகுந்த கதை வேடிக்கையானது. 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் டாம்பியர் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். 1876இல் அமெரிக்கர் நதானியல் ஹெரெஷொவ் இரட்டை உடலுடைய பந்தயக் கலமொன்றை ஓட்டினார். இரட்டை உடற் கலங்களுக்கெல்லாம் நம் கட்டுமரத்தின் பெயரே பின்னர் நிலைத்தது. பொருள் மாறினும் சொல் மாறவில்லை. இன்றைய சிறு கலத்தின் பாய்மரம், இரு உடல்களையும் இணைக்கும் முன் குறுக்குத்தண்டின்மேல் நிற்பது. அதனை முன்னே ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக மூன்று உருக்குக் கம்பிகள் பற்றியிருக்கும். பின்னே கம்பி இல்லை. மரத்தைப் பின்சாய்க்க முன்கம்பியைத் தளர்த்திப் பக்கக் கம்பிகளை இறுக்குவர். சாய்வை அளக்கும் முறையும் எளிது: மாலுமி பக்கவாட்டிற் தொங்கும் கம்பியை முதலில் முன்கம்பியின் அடிவரை இழுத்து நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதே நீளத்தைப் பின்புறம் கொண்டு சென்று எங்கே படுகிறதெனப் பார்ப்பர். மிக இறுக்கினால் மரம் குறுக்குத்தண்டை அமுக்கி வளைக்கும். மிகத் தளர்த்தினால் அலையில் மரம் ஆடும். பலத்த காற்றிற் பின்சாய்வு கூடினால் முகப்புகள் நீரிற் புதைந்து கலம் தலைகுப்புறக் கவிழும் அபாயம் குறையும். இறுகிய உடலுக்கு இறுகிய கம்பி. நெகிழும் உடலுக்கு நெகிழும் கயிறு. இரண்டிலும் வினா ஒன்றே.

இவ்வினாவிற்கு நம்மவர் கண்ட விடைகளை யார் எழுதிவைத்தார்? மன்னார் முத்துப் பார்களை ஆராய வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1920இல் இந்தியக் கலங்களைப் பற்றியும், 1943இல் இலங்கைக் கலங்களைப் பற்றியும் எழுதினார். அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் கலத்தின் உருவமும் உறுப்பும் எங்கிருந்து வந்தன என்பதே அவர் கவலை. நாமோ 1938இல் அமெரிக்கா சேர்ந்த வல்வெட்டித்துறை அன்னபூரணியை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து, சிறு கலங்களை மறந்தோம். 1950களின் இறுதியிற் கடற்றொழிலில் இயந்திரம் பரவலாயிற்று; பின்னர் 2009வரை நீடித்த போரிற் கடலே பலகாலம் தடைப்பட்டது. பாயை இறக்கிய தந்தை அதனை ஏற்றும் முறையை மகனுக்குக் கற்பிக்க வேண்டிய தேவை ஒழிந்தது. ஆஞ்சான், தாமான், பருமல் என்னுஞ் சொற்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழகராதி காத்தது. கயிற்றை எவ்வளவு தளர்த்துவது என்பதை அகராதி கூறாது.

பேசாலையிலும் வங்காலையிலும் பாயிலே ஓடிய முதியோர் இன்னும் சிலரேனும் இருப்பர். விடுமுறையில் அப்பக்கம் செல்லும் மாணவர் அவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: சோழகம் எழும்பினால், ஐயா, முதலில் எந்தக் கயிற்றைத் தொடுவீர்கள்?