திருகோணமலையில் நிறக்கல் தேடல்

நிறக்கல் தேடல் என்பது, திருகோணமலை நகரக் கரைகளிலும், வடக்கே புல்மோட்டை வரை நீளும் மணற்பரப்பிலும், கற்களையும் கனிய மணலையும் தேடிப் பார்க்கும் பொழுதுபோக்கு. உலகின் பிற இடங்களில் கல் பொறுக்குவோர் பெரிதும் விரும்பும் எரிமலைக் கண்ணாடி, அதாவது ஒப்சிடியன், இங்கு இயற்கையாகக் கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டால் இந்த மண்ணின் வயது தெரியவரும்.

சிலிக்கா மிகுந்த எரிமலைக் குழம்பு, படிகம் கட்ட நேரமின்றிச் சடுதியில் ஆறும்போது ஒப்சிடியன் உண்டாகிறது. பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். இரும்பு ஒட்சைட்டு கலந்தால் செம்பழுப்பு வரிகள் ஓடும். நுண்ணிய வாயுக் குமிழ்கள் வரிசையாக அகப்பட்டால் பொன் மினுக்கம் தெரியும். அதிலும் நுண்ணிய கனியத் துகள்கள் படலம் படலமாக அமைந்தால் வானவில் நிறங்கள் எழும். ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள கிளாஸ் பியூட்ஸ் குன்றுகள் இதற்குப் பேர்போனவை. அங்கே அரச காணியில், குறித்த அளவுக்குள், சொந்தத் தேவைக்கு யாரும் பொறுக்கிச் செல்லலாம். ஆனால் பாறைகளின் கணக்கில் கண்ணாடிக்கு ஆயுள் குறைவு. நீரை உறிஞ்சி, மெல்ல மெல்லப் படிகமாகி, மங்கிப்போகும். சில கோடி ஆண்டுகளைத் தாண்டிய ஒப்சிடியன் அரிது. இலங்கைப் பாறைகளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்டவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் அடியாழத்தில் வெந்து நசுங்கி உருமாறியவை. அதற்கு முன் இங்கு எரிமலைக் கண்ணாடி இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் மிஞ்சியிராது.

நகருக்கு அருகேயுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் காண்பவருக்கு அடியில் எரிமலை இருக்குமோ என்ற ஐயம் எழலாம். இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் இயல்பான உட்சூட்டில் காய்ந்து, மீண்டும் மேலேறுகிறது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை இக்கிணறுகள் என்பது ஐதீகம்.

கண்ணாடியின் இடத்தை இங்கு படிகம், அதாவது குவார்ட்ஸ், பிடித்துக்கொள்கிறது. வெங்கச்சங்கல் எனப்படும் வெண்படிகம் பாறைகளிடையே நரம்பாக ஓடிப் பின் உடைந்து கடலில் உருண்டு கூழாங்கல்லாகிறது. இரும்புக் கறை படிந்தவை மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் தோன்றும். ஒப்சிடியனின் கடினம் 5 முதல் 5.5 வரை, படிகத்தின் கடினம் 7. வேறு நாடுகளில் கற்கால மனிதர் ஒப்சிடியனில் கூர்தீட்டிய சிறு கருவிகளை இத்தீவில் வாழ்ந்தோர் படிகத்திலேயே செய்தனர். தென்மேற்கேயுள்ள பாகியன் குகையில் கிடைத்த அத்தகைய நுண்கற்கருவிகள் ஏறக்குறைய 45,000 ஆண்டுகள் பழையவை. கரையில் பச்சையும் தவிட்டு நிறமுமாக மழுங்கிக் கிடக்கும் கண்ணாடித் துண்டைக் கண்டு யாரும் ஏமாற வேண்டியதில்லை. அது உடைந்த போத்தல். கடல் தேய்த்துக் கொடுத்த அழகு மட்டும் உண்மையானது.

இப்பகுதியின் உண்மையான நிறச்செல்வம் மணலில்தான் இருக்கிறது. நகருக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பாலுள்ள புல்மோட்டையில் கரை கருமையாகவே கிடக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் கால அலைகள் மணலை அள்ளிப் போட்டுத் திரும்பும்போது பாரம் குறைந்த படிக மணியை இழுத்துச் செல்கின்றன, பாரமானவை தங்கிவிடுகின்றன. படிகத்தின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, இல்மனைற், சிர்க்கோன் ஆகியவற்றின் அடர்த்தி நாலரை மடங்குக்கு மேல். சுளகில் அரிசி புடைப்பவருக்கு இந்த வித்தையை விளக்கத் தேவையில்லை. கைவில்லையின் கீழ் ஒரு சிட்டிகை மணலை வைத்தால் கறுப்பு என்று கண்ட மணல் பிரிந்து நிறம் காட்டும்: கன்னங்கரிய இல்மனைற், கருஞ்சிவப்பு ரூட்டைல், நிறமற்று ஒளிரும் சிர்க்கோன், இடையிடையே இளஞ்சிவப்புக் கானெற். சாதாரணக் காந்தத்தை அருகில் கொண்டுபோனால் மக்னரைற் மணிகள் துள்ளி ஒட்டும். இல்மனைற் அவ்வளவு எளிதில் அசையாது. இல்மனைற்றிலிருந்தும் ரூட்டைலிலிருந்தும் எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெள்ளைப் பெயின்ருக்கு நிறம் தருகிறது. கருமணலிலிருந்து வெள்ளை பிறப்பது ஒரு வேடிக்கை. இம்மணலை எடுக்க 1957இல் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1992இல் அது கம்பனியானது.

கனியம் மணலில் மட்டுமன்று. தெற்கே, மூதூருக்கு அப்பால், சேருவிலவில் 1971இல் செம்பும் மக்னரைற்றும் சேர்ந்த கனியப் படிவு கண்டறியப்பட்டது.

பார்ப்பதற்குத் தடையில்லாத இடங்களிலும் எடுப்பதற்குச் சட்டம் உண்டு. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி கனியங்களின் உரிமை அரசுக்கே உரியது. அகழவும் ஏற்றிச்செல்லவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரத்தினக்கல் அகழ்வுக்கு 1993இல் தனிச்சட்டம் வந்தது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. கரையில் குவிந்து கிடக்கும் செத்த முருகைக்கல்லைக்கூட அங்கிருந்து கொண்டுவரக் கூடாது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடியிலோ கல்லின் வரலாறே வேறு. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அதன் கற்களில் கோட்டை கட்டினர். கடலில் வீழ்ந்த தூண்களும் செதுக்கிய கற்களும் 1950களில் சுழியோடிகளின் கண்ணில் பட்டன. அவை தொல்பொருட்கள்.