தோளோடு நின்ற படம்

காலேஜ் லேப்ல படத்தைச் சின்னதாக்கும் புரோகிராம் எழுதினப்போ, தொப்பி போட்ட ஒரு பெண்ணின் முகத்தைத்தான் 512 பிக்சலிலிருந்து 256-க்குக் குறைச்சேன். அது ஒரு வெட்டுத்துண்டு என்று அப்போ தெரியாது.

1973-ல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் சாவ்சுக் குழுவுக்கு அவசரமாக ஒரு படம் தேவைப்பட்டது. கிடைத்தது 1972 நவம்பர் பிளேபாய் இதழ். நடுப்பக்கத்தின் மேல்பகுதியைக் கிழித்து ஸ்கேனர் உருளையில் சுற்றினார்கள். அந்த மெஷின் அங்குலத்துக்கு 100 வரிதான் படிக்கும். 512 வரி வேணும்னா 5.12 அங்குலம். தோளோடு நின்றது இப்படித்தான். கூச்சமெல்லாம் இல்லைங்க, கணக்கு!

அந்தத் துண்டுதான் 'லீனா' என்ற பெயரில் ஆய்வுக்கட்டுரைகள் எங்கும் சுற்றியது. தொழில்நுட்ப உலகிலிருந்தும் தனக்கு ஓய்வு வேண்டும் என்று லீனாவே 2019-ல் ஒரு ஆவணப்படத்தில் கேட்டார். 2024 ஏப்ரல் 1 முதல் ஐஇஇஇ கணினிச் சங்கம் அந்தப் படமுள்ள புதுக் கட்டுரைகளை ஏற்பதில்லை.

என் ரெக்கார்டு நோட்டில் அந்த 256 இன்னும் ஒட்டியிருக்கு.