காந்தத்தின் கணக்கு

இரும்பைப் பழுக்கக் காய்ச்சினால் அதன் காந்த வலிமை அழிந்துவிடும். இவ்வுண்மையை 1600ஆம் ஆண்டிலேயே ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பேர்ட் தமது நூலிற் குறித்துவைத்தார். அவ்வெல்லை ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ் என்பதை இன்று நாம் அறிவோம். அதற்குக் கீழே காந்தம். மேலே வெறும் இரும்பு. எல்லையில் நிகழ்வது யாது? இவ்வினாவுக்குக் கணிதம் விடை கண்ட வரலாறு, பள்ளி ஆசிரியர் ஒருவரின் பெயரோடு பிணைந்துள்ளது.

1920இல் ஜேர்மனியப் பௌதிக அறிஞர் வில்ஹெல்ம் லென்ஸ் எளிய கருத்தொன்றை முன்வைத்தார். பொருளின் ஒவ்வோர் அணுவையும் சிறு காந்தமாகக் கொள்க. அது மேல்நோக்கும், அன்றேல் கீழ்நோக்கும். அயலில் உள்ளவை ஒரே திசையில் நிற்க விழையும். வெப்பமோ அவ்வொழுங்கைக் குலைக்கும். இதனை ஆராயும் பணி, ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் அவருடைய மாணவராயிருந்த ஏர்ன்ஸ்ட் ஐசிங்கிடம் வந்தது.

ஐசிங் அணுக்களை ஒற்றை வரிசையில் நிறுத்திக் கணக்கிட்டார். ஓர் அணுவின் திசை, தொலைவிலுள்ள மற்றோர் அணுவின் திசையை எவ்வளவுக்குக் கட்டுப்படுத்தும்? இந்த அளவையே அறிஞர் ஒட்டுறவுச் சார்பு என்பர். மாலையின் நூல் ஓரிடத்தில் அறுந்தாலே இரு பாகமும் தனித்தனியாகிவிடும். அதுபோலவே ஒற்றை வரிசையில், வெப்பம் எவ்வளவு குறைந்தாலும், தொலைவு கூடக் கூட ஒட்டுறவு தேய்ந்து மறையும். நிலைத்த காந்தம் அங்கே தோன்றாது. 1925இல் இம்முடிவை வெளியிட்ட ஐசிங், முப்பரிமாணப் பொருளிலும் இவ்வாறே ஆகும் எனக் கருதினார். அக்கருத்துத் தவறானது.

பின்னர் அவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதர் என்ற காரணத்தால் வேலையிழந்தார். பொற்ஸ்டாமுக்கு அண்மையிலுள்ள கபூத் என்னும் ஊரில், யூதச் சிறுவர்க்கான பள்ளியிற் சேர்ந்து, 1937இல் அதன் தலைமையாசிரியரானார். 1938 நவம்பரில் நாசிகளின் தூண்டுதலாற் கூடிய கும்பல் அப்பள்ளியைச் சூறையாடியது. 1939இல் லக்சம்பேர்க்குக்குத் தப்பிச் சென்றார். மறு ஆண்டிலேயே ஜேர்மனியப் படை அந்நாட்டைக் கைப்பற்றியது. இருப்புப்பாதைகளைக் கழற்றும் கட்டாய வேலை அவருக்கு விதிக்கப்பட்டது. 1947இலேயே அவர் அமெரிக்கா சேர்ந்தார்.

இதற்கிடையில் அவர் விட்ட கணக்கைப் பிறர் தொடர்ந்தனர். 1936இல் இங்கிலாந்திலிருந்த றுடோல்ப் பையேள்ஸ், தளமொன்றிற் பரப்பிய அணுக்களை ஆராய்ந்தார். அங்கே ஓரிடத்தில் அறுத்தாற் போதாது. குளத்துக்கு அணை கட்டுவதுபோலச் சுற்றெல்லை முழுவதையும் வெட்டினாலன்றி ஒரு பெரும் பகுதி திசைமாறாது. ஆகவே குறைந்த வெப்பநிலையில் ஒழுங்கு நிலைக்கும் என அவர் காட்டினார். 1944இல் நோர்வேயிற் பிறந்த லார்ஸ் ஒன்சாகர், எல்லை வெப்பநிலையையே துல்லியமாகக் கணித்தார். 1949இல் புரூரியா கவுப்மன் என்னும் பெண் அறிஞரோடு சேர்ந்து ஒட்டுறவுகளையும் ஆராய்ந்தார்.

அவ்வழியே பிறந்த விடை வியப்புக்குரியது. எல்லைக்கு மேலே ஒட்டுறவு விரைந்து மடிகின்றது. கீழே எத்தனை தொலைவு சென்றாலும் அது முற்றாக மறைவதில்லை. சரியாக எல்லையிலோ மிக மெல்லத் தேய்கின்றது: நெடுந்தொலைவில், தூரம் 16 மடங்கானால் ஒட்டுறவு பாதியாகும். எல்லையை அண்டிய நிலைக்குரிய முழுச் சூத்திரத்தை 1976இல் வூ, மக்கோய், ட்றேசி, பறூச் ஆகிய நால்வர் வெளியிட்டனர். பிரான்சின் பிரதமராகவும் விளங்கிய கணித மேதை போல் பான்லெவே வகுத்த சமன்பாடொன்று அதற்குத் துணைநின்றது. அச்சூத்திரம் காந்தத்துக்கு மட்டும் உரியதன்று. துகள்களை ஆராயும் குவாண்டக் களக் கொள்கையிலும் முழுமையாகத் தீர்க்கப்பட்ட முன்மாதிரியாக நிற்கின்றது.

தம் மாதிரி இவ்வாறு புகழ்பெற்றதை ஐசிங் 1949இலேயே அறிந்தார். அப்போது அவர் அமெரிக்காவின் பியோரியா நகரிலுள்ள பிறட்லி பல்கலைக்கழகத்திற் கற்பித்துக்கொண்டிருந்தார். 1976 வரை அங்கேயே ஆசிரியராயிருந்து, 1998இல் மறைந்தார். அவர் கண்ட விடையின் ஒரு பகுதி நிலைக்கவில்லை. ஆயினும் வினாவைத் தெளிவாக வகுத்த உழைப்பு நிலைத்தது. நாடிழந்து அவர் அலைந்த ஆண்டுகளிலும், அவ்வினா நாடுகளைக் கடந்து மாணாக்கரைத் தேடிச் சென்றது.