இழுத்து விடுதல்

இழுத்து விடுதல்: கணினித் திரையில் தோன்றும் ஒரு பொருளின்மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, அதன் பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே வேறோர் இடத்துக்கு நகர்த்தி, அங்கே விரலைத் தளர்த்துவதனால் ஒரு கட்டளையை நிறைவேற்றிக்கொள்ளும் முறை. கோப்பை ஓர் உறையிலிருந்து மற்றோர் உறைக்கு மாற்றுவதும், கடிதத்தின் ஒரு வாக்கியத்தைப் பெயர்த்து வேறு பத்தியில் வைப்பதும், வேண்டாததைக் குப்பைத்தொட்டியில் போடுவதும் இதன் பிரசித்தமான பிரயோகங்கள். அழுத்துதலுக்கும் விடுதலுக்கும் இடையிலுள்ள சில கணங்களில் யந்திரம் என்ன செய்யப்போவதாகக் காட்டுகிறது, விட்ட பிறகு உண்மையில் எதைச் செய்கிறது என்ற இரண்டும் பொருந்தியிருக்க வேண்டும் என்பதே இதன் சரித்திரம் முழுவதிலும் மென்பொருள் செய்வோரை அலைக்கழித்துவந்த பிரச்சினை.

இதற்கு முன்னோடியாகப் பெரும்பாலோர் குறிப்பிடுவது, ஐவன் சதர்லண்டு 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காகச் செய்த ஆராய்ச்சியில் உருவான ஸ்கெட்ச்பேடு என்னும் வரைபட மென்பொருளை. லிங்கன் ஆய்வுக்கூடத்தின் டி.எக்ஸ்-2 யந்திரத்தில் ஒளிப்பேனாவைக் கொண்டு இயக்கப்பட்ட அதில், ஒரு கையால் பேனாவை உருவத்தின்மேல் வைத்து மறு கையால் ஒரு பொத்தானை அழுத்தினால், உருவம் பேனாவோடு ஒட்டிக்கொண்டு அது போகுமிடமெல்லாம் போகும். போதுமென்று தோன்றியதும் பேனாவைச் சட்டென்று சுண்டினால் உருவம் அவ்விடத்திலேயே தங்கிவிடும். இழுத்தல் அன்றே ஏறத்தாழப் பூரணமாக இருந்தது. விடுதலுக்கு மட்டும் வேறொரு சைகை வழங்கிற்று.

சுட்டி 1964இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்தின்படி பில் இங்கிலிஷ் செய்த மரப்பெட்டியாகத் தோன்றி, 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டின் முன் காட்டப்பெற்றது. அதன் வேலை அப்போது இடத்தைச் சுட்டுவதாகவே பெரும்பாலும் இருக்க, செயலைச் சொல்லும் வேலை விசைப்பலகைக்கும் ஐந்து விசைகள் கொண்ட துணைப்பலகைக்கும் உரியதாயிருந்தது.

ஜெராக்ஸ் ஸ்தாபனம் பாலோ ஆல்டோவில் நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில் 1973இல் ஆல்டோ யந்திரமும், அதன் அனுபவத்தின்மேல் 1981இல் ஸ்டார் 8010 என்னும் வியாபார யந்திரமும் உருவாயின. டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித் 1975இல் தமது ஆய்வேட்டில் விவரித்த சின்னங்கள், ஸ்டாரின் திரையில் ஏடாகவும் உறையாகவும் அச்சுப்பொறியாகவும் வடிவெடுத்து, அலுவலக மேசையின் பிரதிபிம்பம் போல விளங்கின. ஆயினும் அச்சின்னங்களை யாரும் இழுக்கவில்லை என்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கக்கூடும். ஏட்டைத் தேர்ந்துகொண்டு, விசைப்பலகையில் நகர்த்துவதற்கென்று அமைந்த விசையை அழுத்தி, பிறகு சேரவேண்டிய இடத்தைச் சுட்டுவதே அதன் முறை. அச்சுப்பொறியைச் சுட்டினால் ஏடு அச்சாகும். நகர்த்துவதற்கு ஒரு விசை, பிரதி எடுப்பதற்கு ஒரு விசை என்று தனித்தனியே இருந்தமையால், நகர்வா பிரதியா என்று பிற்காலத்தை ஆட்டிவைத்த பெரிய சந்தேகம் ஸ்டாரில் எழவே இடமில்லை. அவ்விசைகள் எழுத்துக்கும் படத்துக்கும் சின்னத்துக்கும் ஒரேமாதிரி வேலைசெய்தன என்ற சிறப்பும், அம்முறையைக் கைவிட்டோர் சிலரால் போதிய அளவு போற்றப்படவில்லை.

அழுத்திப் பிடித்து இழுப்பதையே மேசைத்திரையின் பொது வழக்கமாக்கிய பெருமை ஆப்பிள் ஸ்தாபனத்தின் லிசா, மக்கின்டாஷ் ஆகிய யந்திரங்களுக்கு உரியது என்பதில் கருத்து வேற்றுமை அதிகம் இல்லை. அதைக் கண்டவர் யார் என்பதில்தான் உண்டு. 1979இல் மக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின், பாலோ ஆல்டோவில் தாம் கண்ட 'அழுத்து, நகர்த்து, மீண்டும் அழுத்து' என்ற வழக்கம் உபயோகிப்பவரை ஒரு நிலைக்குள் சிக்கவைக்கிறது என்று கருதி, பிடித்தபடியே இழுக்கும் முறையைத் தாமே முன்மொழிந்ததாகப் பிற்காலத்தில் உரிமை கோரினார். லிசாவின் திரைச் சித்திரங்களுக்கு ஆதாரமான நிரல்களை எழுதிய பில் அட்கின்சனின் கைவண்ணமே அது என்று கூறுவாரும், ஜெராக்ஸில் வரைபட மென்பொருள்களில் ஏற்கெனவே இருந்த பழக்கம் விரிந்ததே என்று கூறுவாரும் உளர். பாலோ ஆல்டோவில் பணிபுரிந்துவிட்டு ஆப்பிளுக்கு வந்தவரும், ஸ்டீவ் கேப்ஸுடன் சேர்ந்து மக்கின்டாஷின் ஃபைண்டர் என்னும் கோப்பு மேலாளரை இயற்றியவருமான புரூஸ் ஹார்ன், கோப்புகளை இழுத்து விட்டுக் கையாளும் முறை மக்கின்டாஷ் குழுவினரிடமிருந்தே வந்தது என்று 1996இல் எழுதினார். இக்கூற்றுகள் ஒன்றையொன்று முழுதும் மறுப்பனவல்ல; ஒருவர் சைகையைப் பற்றியும் மற்றவர் அச்சைகையைக் கோப்புகளுக்குப் பயன்படுத்தியதைப் பற்றியும் பேசுகின்றனர் எனக் கொள்ள இடமுண்டு.

1983 ஜனவரியில் 9,995 டாலர் விலையில் வெளியான லிசாவுக்கு, முதலில் திட்டமிடப்பட்டிருந்த கோப்பு மேலாளர், 'எந்தக் கோப்பு வேண்டும்? அதை என்ன செய்ய வேண்டும்?' என்று வரிசையாக வினவும் தன்மையது; அதைச் செய்தவர்களே அதனை இருபது கேள்வி விளையாட்டின் பெயரால் பரிகசித்தனர். அட்கின்சனும் டான் ஸ்மித்தும் ஃபிராங்க் லுடால்ஃபும் அதற்கு மாற்றாகச் சின்னங்களை இழுக்கும் ஒரு மேசைத்திரையை அமைத்துக் காட்ட, கேள்விகள் மறைந்தன.

1984 ஜனவரி 24ஆம் நாள் வெளியான மக்கின்டாஷ், 128 கிலோபைட் நினைவகமும், 512க்கு 342 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரையும், ஒரே பொத்தானுடைய சுட்டியும் மட்டுமே உடையது. இவ்வளவு சிறிய யந்திரத்தில் சின்னத்தை முழுவதுமாகத் திரையில் ஓடவிடுவது கடினமாகையால், அதன் சாம்பல்நிற வெளிக்கோடு மட்டும் சுட்டியோடு நகர்ந்தது; சின்னம் தன் இடத்திலேயே நிற்கும். வறுமையினால் பிறந்த இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயமும் அமைந்துவிட்டது: கை விடும்வரை எதுவும் நடந்துவிடவில்லை என்பதைக் கண்ணே அறிந்துகொண்டது. சேரிடத்தின்மேல் சுட்டி வந்ததும் உறையோ தொட்டியோ கறுத்துத் தோன்றி, ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருப்பதைத் தெரிவிக்கும். ஒரே வட்டுக்குள் இழுத்தால் கோப்பு நகரும், வேறு வட்டுக்கு இழுத்தால் பிரதி எடுக்கப்படும் என்ற சம்பிரதாயமும் இங்கிருந்தே பரவிற்று. மூலத்தை அழிக்காமல் விடுவதே க்ஷேமம் என்ற எச்சரிக்கை அதில் அடங்கியிருப்பினும், ஒரே கைவேலைக்கு இருவேறு பலன்கள் என்ற குழப்பமும் கூடவே வந்துசேர்ந்தது.

இக்காலத்து விசித்திரங்களுள் அதிகமாகப் பேசப்பட்டது, வட்டின் சின்னத்தைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்தால் வட்டு வெளியே வந்துவிடும் என்ற விதி. ஒரே வட்டிழுப்பி கொண்ட அந்த யந்திரத்தில், கட்டளைப் பட்டியலின் மூலம் வெளியேற்றிய வட்டின் மங்கிய சாயை திரையிலேயே தங்கியிருக்கும். வட்டுகளை மாற்றி மாற்றிப் பிரதி எடுப்பதற்கு அது தேவையாகவும் இருந்தது. அச்சாயையை அகற்ற அதைத் தொட்டிக்கு இழுக்கவேண்டும். நாளடைவில் வட்டையே நேராகத் தொட்டிக்கு இழுப்பது குறுக்குவழியாயிற்று. கோப்பைத் தொட்டியில் போட்டால் கோப்பு அழிவதற்கு ஆயத்தமாகிறது. வட்டைப் போட்டால் அழிவதில்லை. தர்க்கத்துக்கு இது ஒத்துவராது. தங்கள் உழைப்பெல்லாம் அடங்கிய வட்டைத் தொட்டிக்கு இழுக்கப் புதியவர்கள் தயங்கினார்கள் என்றால் அவர்கள்மேல் குற்றமில்லை. 2001இல் வெளியான மேக் ஓ.எஸ். எக்ஸில், வட்டை இழுக்கத் தொடங்கியதுமே தொட்டி வெளியேற்றும் குறியாக உருமாறிக்கொண்டது.

இம்முறைக்குக் கொள்கை விளக்கம் லிசாவுக்குச் சற்றுப் பின்னால் வந்தது. பொருள் எப்போதும் கண்ணுக்குத் தெரியவேண்டும், கட்டளை மொழிக்குப் பதிலாக நேரான செயல் அமையவேண்டும், ஒவ்வொரு செயலும் சிறிதாகவும் உடனே பலன் காட்டுவதாகவும் மீட்கத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என்று பென் ஷ்னைடர்மன் 1983இல் வகுத்துக் கூறினார்; எட்டாத நிலை, தொடரும் நிலை, இழுக்கும் நிலை என உள்ளீட்டுக் கருவிகளின் நிலைகளை மூன்றாகப் பகுத்தார் பில் பக்ஸ்டன், 1990இல்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் ஸ்தாபனம் தன் ஆர்க்கிமிடிஸ் யந்திரங்களுக்காக 1989இல் வெளியிட்ட ரிஸ்க் ஓ.எஸ்., உலகச் சந்தையில் சிறு பங்கே பெற்றதாயினும், இழுத்து விடுதலை அதன் தர்க்கரீதியான எல்லைவரை கொண்டுசென்றது என்ற காரணத்தால் இங்கே சிறிது விரிவாகக் கூறத்தக்கது. மற்ற இயங்குதளங்களில் ஓர் ஏட்டைச் சேமிக்க முற்பட்டால், உறைகளின் பட்டியலைக் காட்டும் ஒரு பெட்டி திறந்து, உபயோகிப்பவர் ஏற்கெனவே மேசையில் விரித்துவைத்திருக்கும் உறைகளை அறியாததுபோல் எல்லாவற்றையும் மறுபடி தேடச்சொல்லும். ரிஸ்க் ஓ.எஸ்ஸில் தோன்றுவதோ ஒரு சின்னம், ஒரு பெயர்க்கட்டம், ஒரு பொத்தான், அவ்வளவே. அந்தச் சின்னத்தைப் பிடித்து, வேண்டிய உறையின் ஜன்னலுக்குள் விட்டால் ஏடு அங்கே சேமிக்கப்படும். இன்னும் சுவையானது: அதே சின்னத்தை உறைக்குப் பதிலாக வேறொரு செயலியின் ஜன்னலில் விட்டால், வட்டைத் தொடாமலே, நினைவகத்தின் வழியாக ஏடு அச்செயலிக்குப் போய்ச்சேரும், வரைபடச் செயலியில் தீட்டிய படம் இவ்வாறே பக்க அமைப்புச் செயலியில் குடியேறும். சேமிப்பதும் ஒப்படைப்பதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்ற எண்ணம் இவ்வளவு எளிமையாக வேறெங்கும் வெளிப்படவில்லை என்றே சொல்லலாம். சுட்டியின் மூன்று பொத்தான்களுள் நடுவிலுள்ளது பட்டியலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கோப்பை இழுத்தால் எவ்வட்டாயினும் பிரதி, ஷிஃப்ட் விசையோடு இழுத்தால் நகர்வு என்று விதியும் ஒன்றாகவே இருந்தது. பிரிட்டிஷ் பள்ளிக்கூடங்களில் இதைப் பழகிய தலைமுறையொன்று உண்டு.

நெக்ஸ்ட்ஸ்டெப் என்னும் இயங்குதளத்தின் வடிவமைப்புக் கருவியில் ஒரு பொத்தானிலிருந்து மற்றொரு பொருளுக்குக் கோடிழுத்தே இரண்டையும் இணைத்தனர். 1992இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஓ.எஸ்./2 இரண்டாம் பதிப்பு இழுப்பதற்கு வலப் பொத்தானைத் தேர்ந்துகொண்டு, வர்ணத்தையும் எழுத்துருவையும்கூடத் தட்டிலிருந்து எடுத்து ஜன்னலின்மேல் விடச்செய்தது.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 3.1, 1992இல், கோப்பு மேலாளரிலிருந்து இழுத்த கோப்புகளைச் செயலிகள் ஏற்பதற்கு வழிசெய்தது. ஆனால் விட்ட பிறகே செய்தி கிடைக்கும், இழுக்கும்போது சேரிடத்துக்கு எதுவும் தெரியாது. இக்குறையை நீக்கியது, செயலிகள் பொருள்களைப் பரிமாறிக்கொள்வதற்கான ஓ.எல்.இ. என்னும் ஏற்பாட்டின் 1993இல் வந்த இரண்டாம் பதிப்பு. அதன்படி, இழுபடும் பொருளை உடைய செயலி, தன்னிடம் அப்பொருள் எந்தெந்த வடிவங்களில் இருக்கிறதென்று அறிவிக்கிறது. சுட்டி நுழையும் ஒவ்வொரு ஜன்னலும், நுழைந்தபோதும் நகரும்போதும் வெளியேறும்போதும் செய்தி பெற்று, பிரதி, நகர்வு, இணைப்பு ஆகியவற்றுள் எதற்குச் சம்மதம் அல்லது எதற்குமே சம்மதமில்லை என்று விடைகூறுகிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதுபோல இத்தனை பேரமும் மறைவில் நடக்க, வெளியில் தெரிவது சுட்டியின் ஓரத்தில் தோன்றும் கூட்டல் குறியோ தடைக்குறியோ மட்டுந்தான். எஸ்கேப் விசையை அழுத்தினால் பேரம் முறிந்துவிடும். கை நடுக்கத்தை இழுப்பாகக் கருதிவிடாதபடி, சுட்டி நான்கு புள்ளி தூரமேனும் நகர்ந்தாலன்றி இழுப்பு தொடங்குவதில்லை என்பது விண்டோஸின் இயல்பான அளவு.

மூலத்தை அழிப்பது யார் என்ற கேள்வி இவ்வமைப்பில் நுட்பமானது. பொதுவிதியின்படி, நகர்வு என்று சேரிடம் விடைகூறினால், அனுப்பிய செயலியே தன்னிடமுள்ள மூலத்தை நீக்கவேண்டும். ஒரே வட்டிலுள்ள கோப்பாயின், சேரிடம் தானே அதன் இருப்பிடத்தை மாற்றிவிட்டு, 'நீ நீக்கவேண்டாம்' என்று தெரிவிப்பதும் உண்டு. இவ்வேற்றுமையைக் கவனியாமல் எழுதப்பட்ட செயலி கோப்பையே இழக்கச்செய்யும். விண்டோஸ் 95, வட்டைப் பொறுத்த பழைய சம்பிரதாயத்தோடு, இயங்கும் நிரலை இழுத்தால் குறுக்குவழி உண்டாகும் என்ற மூன்றாவது விதியையும் சேர்த்துக்கொண்டது. கன்ட்ரோல் விசை பிரதிக்கும் ஷிஃப்ட் விசை நகர்வுக்கும் உரியன என்று வகுத்ததோடு, வலப் பொத்தானால் இழுத்தால் விட்டவுடன் 'எது வேண்டும்?' என்று ஒரு பட்டியலால் கேட்கவும் ஏற்பாடு செய்தது. ஸ்டாரின் இரு விசைகள் தீர்த்துவைத்திருந்த சந்தேகம் இவ்வாறு சுற்றிவளைத்துத் தீர்க்கப்பட்டது. அலுவலகங்களில் உறை காணாமற்போயிற்று என்று எழும் புகார்களுள் சில, பக்கத்து உறைக்குள் கைதவறி விழுந்தவற்றைப் பற்றியனவாகவே இருக்கும்.

மக்கின்டாஷிலோ, ஏடுகளுக்கிடையே எழுத்தையும் படத்தையும் இழுக்கும் வசதி 1994இல் சிஸ்டம் 7.5இல் நிலைபெற்றது, இழுத்த பொருளை உறையின்மேல் சற்றே நிறுத்தினால் உறை தானாகத் திறக்கும் வசதி 1997இல் வந்தது. எக்ஸ் ஜன்னல் முறையில் 1992இன் மோடிஃப் என்னும் கருவித்தொகுப்பு நடுப் பொத்தானால் இழுக்கச்சொல்ல, பிற்பாடு ஜான் லிண்டல் வகுத்த எக்ஸ்.டி.என்.டி. என்னும் பொது ஒப்பந்தத்தைப் பெரும்பாலான கருவித்தொகுப்புகள் ஏற்றன. ஜாவா மொழியில் இழுத்து விடுதல் 1998இல் இடம்பெற்றது.

இம்முறையின் சௌகரியத்தை ஆராய்ச்சியாளர் அனைவரும் ஒப்புக்கொண்டதில்லை. ஸ்காட் மெக்கன்சி, அபிகேல் செலன், பில் பக்ஸ்டன் ஆகியோர் 1991இல் சுட்டி, பேனாப் பலகை, உருள்பந்து ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, எதனால் செய்தாலும் இழுப்பது வெறுமனே சுட்டுவதைவிட மெதுவானது, பிழை மிகுந்தது என்று கண்டனர். உருள்பந்தில் பிழை மிக அதிகம். குழந்தைகளைக் கொண்டு கோரி இங்பென் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வும், இருமுறை சுட்டும் முறையே விரைவும் திருத்தமும் உடையது என்ற முடிவுக்கு வந்தது. இம்முடிவுகள் பழகிய பெரியோருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. பெரிய திரைகளில் தூரத்துச் சின்னங்களே இழுக்கும் கையை நோக்கி வந்துநிற்கும் ஓர் ஏற்பாட்டைப் பாட்ரிக் பாடிஷும் அவர் துணைவரும் 2003இல் விவரித்தனர்.

2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, சாதாரண அதிகாரத்தோடு இயங்கும் செயலியிலிருந்து உயர்ந்த அதிகாரத்தோடு இயங்கும் செயலிக்கு இழுத்து விடுவதைப் பாதுகாப்புக் கருதித் தடுத்தது. 2017இல் ஐபேடில் விரலால் இழுக்கும் வசதி செயலிகளுக்கிடையே விரிவுபெற்றது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11இல் பணிப்பட்டையின்மேல் கோப்புகளை இழுத்து நிறுத்தும் பழைய வழக்கம் விடுபட்டுப்போய், மறு ஆண்டுப் பதிப்பில் திரும்பச் சேர்க்கப்பட்டது.